தத்தெடுத்த மகனுக்கு ஓ.கே.யு. (மாற்றுத்திறனாளி) அட்டை, பள்ளி, தெரப்பி: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: நாங்கள் மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் இருக்கிறோம். எங்கள் மகனை 14 மாதக் குழந்தையாக ஓர் இல்லத்திலிருந்து கொண்டுவந்தோம். கோர்ட் ஆணை கிடைத்து, எங்கள் பெயர் போட்ட புதிய பிறப்புப் பத்திரமும் வந்துவிட்டது. இப்போது ஆறு வயது. இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, மின்விசிறி சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பான், டாய்லெட் பழக்கமும் முழுதாக வரவில்லை. அரசாங்க கிளினிக்கில் “ஆட்டிசமாக இருக்கலாம்” என்று ஸ்பெஷலிஸ்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு முதலாம் வகுப்பு. பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் “எங்களிடம் அந்த வகுப்பு இல்லை, வேறு இடம் பாருங்கள்” என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஓ.கே.யு. அட்டை எடுத்தால் ஆயுசுக்கும் முத்திரை விழுந்துவிடும் என்கிறார் மாமியார். தத்துப் பிள்ளை என்பதை இதுவரை எந்த டாக்டரிடமும் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

கடைசியாகக் கேட்டிருப்பதற்கே முதலில் பதில் சொல்கிறேன். டாக்டரிடம் சொல்லுங்கள், ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கும் முதல் நாளிலேயே சொல்லுங்கள். மற்ற வேலையெல்லாம் இதற்குப் பிறகுதான்.

குழந்தை வளர்ச்சி மருத்துவர் முதல் சந்திப்பில் பாதி நேரம் கேள்விதான் கேட்பார். கர்ப்பத்தில் ஏதாவது சிக்கல் இருந்ததா, எத்தனை வாரத்தில் பிறந்தான், பிறந்த எடை என்ன, உடனே அழுதானா, மஞ்சள் காமாலைக்கு விளக்கொளியில் வைத்தார்களா, குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு, காது கேளாமை, பேச்சுத் தாமதம் உண்டா என்றெல்லாம் கேட்பார். நீங்கள் தத்து விஷயத்தை மறைத்தால் உங்கள் குடும்ப வரலாற்றையோ ஊகத்தையோதான் சொல்ல வேண்டிவரும். “என் பக்கம் யாருக்கும் ஒன்றுமில்லை” என்று நீங்கள் சொல்வது உண்மைதான், ஆனால் அது இந்தப் பையனைப் பற்றிய தகவல் அல்ல. அதை நம்பி அவர் ஒரு பரிசோதனையை விட்டுவிடக்கூடும். தெரியாததற்கெல்லாம் “தெரியாது” என்றே சொல்லுங்கள். தெரியாது என்று கேட்ட மருத்துவர் கூடுதலாகச் சோதிப்பார், அது உங்கள் மகனுக்கு நல்லதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. முதல் 14 மாதம் அவன் இல்லத்தில் இருந்திருக்கிறான். ஒரே ஆளின் கையில் வளராத குழந்தைகளிடம் பெயருக்குத் திரும்பாமை, கண் பார்த்துப் பேசாமை, ஆடிக்கொண்டே இருத்தல் ஆகியவை ஆட்டிசம் போலவே தெரியலாம். 1989க்குப் பிறகு ருமேனிய அனாதை இல்லங்களிலிருந்து பிரிட்டனுக்குத் தத்துப் போன குழந்தைகளை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். சிலரிடம் ஆட்டிசம் போன்ற நடத்தை இருந்தது. ஆறு மாதத்துக்கு மேல் இல்லத்தில் இருந்தவர்களிடம் சிக்கல்கள் அதிகமாகவும் நீடித்தும் காணப்பட்டன. அங்கே இருந்த கொடுமையான நிலையை நம் ஊர் இல்லங்களோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் மருத்துவர் ஆட்டிசம், காது கேளாமை, அறிவுத்திறன் குறைபாடு, தாயின் மதுப்பழக்கத்தால் கருவிலேயே வந்த பாதிப்பு, ஆரம்பகாலப் புறக்கணிப்பு என எல்லாவற்றையும் எடைபோட வேண்டும் என்றால் அந்த 14 மாதத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதையே திருப்பிப் பிடித்துக்கொண்டு “இல்லத்தில் இருந்ததால்தான் இப்படி, பாசம் காட்டினால் சரியாகிவிடும்” என்று தெரப்பியைத் தள்ளிப்போடவும் வேண்டாம். உங்களிடம் வந்தே கிட்டத்தட்ட ஐந்து ஆண்டு ஆகிறது. காரணம் எதுவாக இருந்தாலும் பேச்சுக்கும் பழக்கத்துக்கும் பயிற்சி இப்போதே வேண்டும்.

பள்ளியிலோ மற்ற இலாகாக்களிலோ சொல்லத் தேவையில்லை. 1952ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தின் கீழ் கோர்ட் ஆணை பெற்ற உங்களுக்குப் பெற்றோருக்குரிய முழு உரிமையும் உண்டு, கையெழுத்து போடுவது உட்பட. புதிய பிறப்புப் பத்திரத்தில் ‘தத்து’ என்ற சொல்லே இருக்காது. அதைக் காட்டினால் போதும். ஆனால் கோர்ட் ஆணையின் நகல் ஒன்று வீட்டு ஃபைலில் எப்போதும் இருக்கட்டும். அந்தப் பத்திரத்தில் குடியுரிமை என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றும் இன்றே பாருங்கள். தத்து ஆணை கிடைத்துவிட்டால் குடியுரிமையும் தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி வராது. அங்கே ‘வார்காநெகாரா’ (குடிமகன்) என்று இல்லாவிட்டால் தேசியப் பதிவிலாகாவில் தனி விண்ணப்பம் போட வேண்டும். பள்ளி, மருத்துவக் கட்டணம், உதவித்தொகை எல்லாம் அதில்தான் போய் முட்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை வீட்டில் வளர்கிறது, ஆனால் தத்து இன்னும் பதிவாகவில்லை என்றால் எல்லாக் கவுன்டரிலும் கையெழுத்துச் சிக்கல் வரும். கோர்ட் வழி போவதானால் பிள்ளை குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து உங்கள் பராமரிப்பில் இருக்க வேண்டும், சமூக நல இலாகாவுக்கும் முன்கூட்டியே அறிவிப்பு தர வேண்டும். பதிவிலாகா வழி என்றால் இரண்டு ஆண்டு. “பெத்தவங்க சம்மதிச்சுக் கொடுத்தாங்க” என்ற ஒரு துண்டுக் கடிதத்தை நம்பி ஆறேழு ஆண்டு ஓட்டாதீர்கள்.

சரி, ஸ்பெஷலிஸ்ட் தேதி வரும்வரை என்ன செய்யலாம்? தகவல் சேருங்கள். இல்லத்துக்குப் போய்ப் பிறந்த மருத்துவமனையின் பெயர், பிறந்த எடை, தடுப்பூசிப் புத்தகம், அங்கே இருந்தபோது வந்த நோய், வார்டில் சேர்த்த விவரம் எல்லாவற்றையும் கேளுங்கள். தத்து வழக்கில் சமூக நல இலாகா அதிகாரி கோர்ட்டுக்கு அறிக்கை தந்திருப்பார். அதில் பிள்ளையின் பின்னணி இருக்கும். அதிலிருந்து எதையெல்லாம் பெற முடியும் என்று உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள். பிறந்த மருத்துவமனை தெரிந்தால் பதிவேட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள், குழந்தையின் பதிவை மட்டும் கேளுங்கள். தாயின் மருத்துவ விவரம் அவருக்குச் சொந்தம், அதை உங்களிடம் தரமாட்டார்கள். அரசாங்க மருத்துவமனையில் பிறந்திருந்தால் தொப்புள்கொடி ரத்தத்தில் தைராய்டுக்கும் ஜி6பிடி என்ற என்சைம் குறைபாட்டுக்கும் சோதித்திருப்பார்கள். பிறவித் தைராய்டு குறைபாட்டைக் கவனிக்காமல் விட்டால் மூளை வளர்ச்சியே பாதிக்கும் என்பதால் அந்த முடிவு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை போதும். குழந்தை நலப் புத்தகத்தில் 18 மாதத்தில் நிரப்பும், ஆட்டிச அறிகுறிகளைக் கேட்கும் எம்-சாட் கேள்வித்தாளையும் பாருங்கள். அப்போதே ஏதாவது குறித்திருக்கலாம்.

செவிப் பரிசோதனை செய்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்யவில்லையென்றால் அதைத்தான் முதலில் கேட்டு வாங்க வேண்டும். கதவைத் தட்டினால் திரும்புகிறான், அதனால் காது நன்றாகக் கேட்கிறது என்ற கணக்கு தப்பு. தாழ்ந்த ஒலி கேட்கும் பிள்ளைக்கு ‘ஸ’, ‘ச’ போன்ற மெல்லிய ஒலி கேட்காமல் இருக்கலாம். ஆடியோலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) பார்த்து எழுதித் தராமல் பேச்சுத் தெரப்பியைத் தொடங்கினால், மாதக்கணக்கில் பயிற்சி செய்த பிறகுதான் காதிலேயே பிரச்சினை என்று தெரியவரும்.

சேர்த்ததையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். வயதுவாரியாக, எப்போது நடந்தான், முதல் வார்த்தை என்ன, வந்த வார்த்தை ஏதாவது பிறகு நின்றுபோனதா, தூக்கம் எப்படி, எதற்குக் காதைப் பொத்துகிறான் என்று சுருக்கமாக இருக்கட்டும். கூடவே ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள் நாலைந்து வீடியோ: சாப்பிடுவது, விளையாடுவது, கூப்பிட்டால் என்ன செய்கிறான், அடம் பிடிக்கும்போது எப்படி. மருத்துவரின் அறையில் பிள்ளை ஒன்று உறைந்துபோய் உட்காரும், இல்லாவிட்டால் கத்திக்கொண்டே இருக்கும். அந்த அரை மணி நேரத்தை வைத்து அவர் முடிவெடுக்கக் கூடாது.

நோய்க்குப் பெயர் வைத்த பிறகு மருத்துவ அறிக்கை கேட்பீர்கள். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். “ஆட்டிசம், தெரப்பியில் இருக்கிறார்” என்று ஒரு வரி எழுதிய தாளால் பள்ளியில் ஒரு காரியமும் நடக்காது. என்ன செய்ய முடிகிறது, எதில் உதவி வேண்டும், எந்த ஏற்பாடு தேவை என்ற மூன்றும் அதில் இருக்கும்படி கேளுங்கள். உதாரணமாக, ‘இரண்டு சொல் கட்டளையைப் படம் காட்டினால் புரிந்துகொள்கிறான். கழிவறைக்கு நேரம் நினைவூட்ட ஆள் வேண்டும். சிறிய வகுப்பும் பட அட்டவணையும் தேவை.’ டாக்டருக்கு நேரம் இருக்காது. இந்த மூன்றையும் நீங்களே குறிப்பாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தால், பார்த்துச் சரிசெய்து எழுதித் தருவார்.

இனி அட்டை. மாமியாரின் பயம் புரிகிறது. ஆனால் முத்திரை என்பது பிள்ளையைப் பார்த்தவர்கள் ஏற்கனவே வாய்க்கு வந்தபடி குத்தியாயிற்று: பிடிவாதக்காரன், வளர்ப்பு சரியில்லை, ‘யாரோ பெத்தது’ என்று. அவற்றோடு ஒப்பிட்டால் அட்டை எவ்வளவோ மேல். 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் இந்தப் பதிவு கட்டாயமில்லை. அட்டை வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். எடுங்கள் என்பது என் கருத்து. அரசாங்க மருத்துவமனைக் கட்டணச் சலுகையில் தொடங்கி வருமான வரிக் கழிவு வரைக்கும் எல்லா இடத்திலும் முதலில் கேட்பது அதைத்தான்.

சமூக நல இலாகா ஏழு பிரிவுகளில் பதிவு செய்கிறது: செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பலவகை. ஆட்டிசம் கற்றல் பிரிவில் வரும். டவுன் சிண்ட்ரோம், ஏ.டி.எச்.டி., டிஸ்லெக்சியாவும் அதில்தான். பேச்சு வரவில்லை என்பதற்காகப் பேச்சுப் பிரிவில் குறியிட்டுக் கொண்டுபோய், விண்ணப்பப் பாரம் திரும்பி வருவது வழக்கமாக நடக்கிறது. பாரத்தில் பெற்றோர் பகுதியை நீங்களும் மருத்துவப் பகுதியை டாக்டரும் நிரப்ப வேண்டும். டாக்டரின் கையெழுத்து, பெயர், பதிவு எண் உள்ள சாப் (ரப்பர் முத்திரை), மருத்துவமனை முத்திரை, தேதி எல்லாம் இருக்கிறதா என்று அறையை விட்டு வெளியே வருவதற்குள் பாருங்கள். ஒரு சாப் விட்டுப்போனால் அதற்காக மறுபடியும் ஒரு நாள் லீவு போட வேண்டும். மைகிட் (பிள்ளையின் அடையாள அட்டை), பிறப்புப் பத்திரம், பாஸ்போர்ட் அளவுப் படம், உங்கள் இருவரின் அடையாள அட்டை நகல் ஆகியவற்றோடு ஸ்மோக்கு என்ற இணைய முறையிலோ, செபெராங் பிறை தெங்ஙா மாவட்டச் சமூக நல அலுவலகத்திலோ விண்ணப்பிக்கலாம். பதிவுக்குக் கட்டணம் இல்லை. அட்டை எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் பாரத்தைக் கொடுக்காதீர்கள்.

பள்ளி விஷயம்தான் நீளமானது. அட்டை வரும்வரை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 2013ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிகள்படி ஒரு பிள்ளையைச் சிறப்புத் தேவை மாணவராக ஏற்க மருத்துவர், ஆடியோலஜிஸ்ட், ஆப்டோமெட்ரிஸ்ட் (பார்வைப் பரிசோதகர்), சைக்காலஜிஸ்ட் போன்ற தகுதியுள்ள ஒருவரின் உறுதிப்படுத்தல் வேண்டும். அரசுப் பணியில் இருப்பவராகவும் இருக்கலாம், தனியாராகவும் இருக்கலாம்.

பள்ளியில் மூன்று வழிகள் உண்டு. சிறப்புக் கல்விக்கென்றே தனியாக இருக்கும் பள்ளி ஒன்று. சாதாரணப் பள்ளிக்குள்ளேயே சிறப்பு ஆசிரியரோடு சிறு வகுப்பாக நடக்கும் பி.பி.கே.ஐ. இன்னொன்று. சாதாரண வகுப்பிலேயே மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, தேவையான இடத்தில் உதவி பெறும் இன்க்லூசிவ் முறை மூன்றாவது. உங்கள் மகனுக்கு எது பொருந்தும் என்பதைப் பரிசோதித்தவர்கள் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால் பி.பி.கே.ஐ.யில் தொடங்கி, கணக்கோ உடற்கல்வியோ எதில் ஒட்டுகிறானோ அந்தப் பாடத்துக்கு மட்டும் சாதாரண வகுப்புக்குப் போவது நடைமுறைக்கு ஒத்துவரும். தமிழ்ப்பள்ளிகளிலும் பி.பி.கே.ஐ. உண்டு, ஆனால் எல்லாவற்றிலும் இல்லை.

“எங்களிடம் அந்த வகுப்பு இல்லை” என்று பள்ளி சொன்னது பொய்யாக இருக்காது. ஆனால் “வேறு இடம் பாருங்கள்” என்று உங்களை அலையவிட்டதை ஏற்க முடியாது. கல்வி அமைச்சு 2019இல் சிஃபார் பெனோலாக்கான் கொள்கையைக் கொண்டுவந்தது. எந்தச் சிறப்புத் தேவை மாணவரையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்பதுதான் அது. இடம் தேடித் தர வேண்டியது கல்வி இலாகாவின் வேலை. ஆகவே அடுத்தடுத்த பள்ளிக் கதவைத் தட்டுவதை நிறுத்திவிட்டு, மாவட்டக் கல்வி இலாகாவின் சிறப்புக் கல்வி அதிகாரிக்கு எழுதுங்கள். மாவட்டத்தில் எந்தெந்தத் தமிழ்ப்பள்ளிகளில் கற்றல் பிரிவுக்கான பி.பி.கே.ஐ. இருக்கிறது, அடுத்த ஆண்டுக்கு இடம் இருக்கிறதா, இல்லாவிட்டால் என் மகனை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று மூன்று கேள்வி போதும். கடிதத்தை மலாயில் எழுதி, மருத்துவ அறிக்கையின் நகலைச் சேர்த்து, கடைசியில் ‘மோஹோன் ஜவாப்பான் பெர்த்துலிஸ்’ என்று எழுத்துப்பூர்வப் பதிலைக் கேட்டு, ஒரு தேதியும் போடுங்கள். நேரில் கொடுப்பதானால் உங்கள் நகலில் ‘தெரிமா’ (பெற்றுக்கொண்டோம்) சாப் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.

முதலாம் வகுப்புப் பதிவை வழக்கம்போலச் செய்துவிடுங்கள், ஆனால் பிள்ளையின் நிலையை மறைத்துப் பதிய வேண்டாம். “முதல்ல சேர்த்துவிடுவோம், அப்புறம் சொல்லிக்கலாம்” என்ற யோசனையைப் பலர் தருவார்கள். அதன் விளைவு தெரிந்ததுதான். முப்பது சொச்சம் பிள்ளைகள் உள்ள வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொள்வான், பள்ளி தினமும் உங்களை வேலையிடத்திலிருந்து கூப்பிடும், பாதி ஆண்டில் மாற்றல் கேட்டால் பி.பி.கே.ஐ.யில் இடம் நிரம்பியிருக்கும்.

டாய்லெட் விஷயத்தை வைத்துக் கண்டிப்பாகக் கேள்வி வரும். 1997ஆம் ஆண்டு விதிகளில், பிறர் உதவியின்றித் தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும் பிள்ளைதான் கல்வி கற்கக்கூடியவர் என்ற நிபந்தனை இருந்தது. விதி மாறிவிட்டது, ஆனால் அந்தப் பழைய பேச்சு சில அலுவலகங்களில் இன்னும் ஓடுகிறது. அப்படிச் சொன்னால் 2013 விதியையும் 2019 கொள்கையையும் சொல்லிப் பணிவாக நில்லுங்கள். வீட்டில் பயிற்சியையும் இன்றே தொடங்குங்கள். அது அவனுடைய மானப் பிரச்சினை, பள்ளிக்காக மட்டும் அல்ல. சாப்பிட்டு இருபது நிமிடம் கழித்து, தினமும் ஒரே நேரத்தில், ஒரே படத்தைக் காட்டி உட்கார வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வராவிட்டாலும் திட்டாதீர்கள். மலச்சிக்கல் இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், வலிக்கும் பிள்ளை எந்தப் பயிற்சிக்கும் ஒத்துழைக்காது.

சேர்ந்த பிறகு மூன்று மாதத்துக்கு மேற்படாத ஒரு கண்காணிப்புக் காலம் உண்டு. அந்தக் காலத்தில் பள்ளியிலிருந்து வரும் ஒவ்வொரு குறையும் வாய்வார்த்தையாகவே வரும். நீங்கள்தான் எழுதி வைக்க வேண்டும். ஆர்.பி.ஐ. எனப்படும் தனிநபர் கல்வித் திட்டம் போடும்போது உங்களைக் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் கேட்டுப் போங்கள். ‘மொழித்திறன் வளரும்’ என்று இலக்கு எழுதியிருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் பேசுங்கள். வளர்ந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாத இலக்கு அது. ‘பத்து வாரத்துக்குள், இடைவேளையில் தண்ணீர் வேண்டும்போது பட அட்டையைக் கொடுத்துக் கேட்பான், ஐந்து முறைக்கு நாலு முறை’ என்று இருந்தால் ஆசிரியருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நடக்காவிட்டால் பையனைக் குறை சொல்லாமல் முறையை மாற்றலாம். மாணவர் உதவியாளர் வகுப்புக்கு உண்டு, ஆனால் அவர் உங்கள் மகனுக்கு மட்டும் ஆள் அல்ல. சிறப்புத் தேவை மாணவருக்கு மாதம் 150 வெள்ளி (ரிங்கிட்) அலவன்ஸ் உண்டு. அதற்கான பாரத்தையும் வங்கிக் கணக்கையும் சேர்ந்த முதல் வாரமே கேட்டு முடியுங்கள்.

இடம் கிடைக்கத் தாமதமானால் வீட்டில் சும்மா வைத்திருக்க வேண்டாம். பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு மையங்கள் 1984இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கி இன்று நாடெங்கும் இருக்கின்றன. சமூக நல இலாகாவின் கீழ்தான் வருகின்றன. அட்டையைக் காட்டி மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் பக்கத்து மையத்தைச் சொல்வார்கள். தரம் மையத்துக்கு மையம் மாறும். ஒரு காலைப் பொழுது போய் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சேருங்கள். டிவியே ஓடிக்கொண்டிருந்தால் வேறு மையம் பாருங்கள்.

தெரப்பியில் ஒரு நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன். அரசாங்க மருத்துவமனையில் பேச்சுத் தெரப்பிக்கும் ஆக்குபேஷனல் தெரப்பிக்கும் ஒரு சந்திப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அதிகம். அந்த முக்கால் மணி நேரத்தில் பிள்ளை மாறிவிடுவான் என்று எதிர்பார்க்காதீர்கள். அது உங்களுக்குச் சொல்லித் தரும் நேரம். ஒவ்வொரு முறையும் “அடுத்த முறை வரும்வரை வீட்டில் தினமும் செய்ய இரண்டே இரண்டு வேலை கொடுங்கள், நான் செய்வதை இப்போதே பார்த்துத் திருத்துங்கள்” என்று கேளுங்கள். தனியாரிடம் போவதானால் 2016ஆம் ஆண்டுத் துணைச் சுகாதாரத் தொழில்வல்லுநர்கள் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவரா என்று கேட்டு, பதிவு எண்ணை ரசீதில் போடச் சொல்லுங்கள். ஆட்டிசத்தைக் குணமாக்குவேன் என்று ஸ்டெம் செல், ஆக்சிஜன் அறை, ‘டீடாக்ஸ்’ மருந்து விற்பவர்கள் பக்கம் போகவே வேண்டாம்.

பேச்சு வரும்வரை வீட்டில் ஒரே மொழி, அதுவும் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று யாராவது சொல்வார்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு மேலும் தாமதமாகும் என்பதற்கு ஆய்வு ஆதாரம் இல்லை. பாட்டி, தாத்தா, அப்பா எல்லாரும் தமிழில் பேசும் வீட்டில் அவனுக்கு மட்டும் தத்தித் தத்தி இங்கிலீஷ் பேசினால், ஒரு நாளில் அவன் காதில் விழும் பேச்சே பாதியாகக் குறைந்துவிடும். தமிழிலேயே பேசுங்கள். பரிசோதனை மலாயிலோ ஆங்கிலத்திலோ நடந்தால், வீட்டு மொழி தமிழ் என்று அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மொழி தெரியாததையும் புரியாமையாகக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

பண விஷயம் சுருக்கமாக. அட்டை வந்ததும் வருமான வரியில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கான கழிவு உண்டு, 2025 வரி ஆண்டிலிருந்து 8,000 வெள்ளி. சட்டப்படி தத்தெடுத்த பிள்ளைக்கும் இது பொருந்தும், சும்மா வளர்க்கும் பிள்ளைக்குப் பொருந்தாது. கற்றல் குறைபாட்டுப் பரிசோதனை, ஆரம்பகாலப் பயிற்சி, மறுவாழ்வுச் சிகிச்சைக்கான செலவையும் மருத்துவச் செலவுக் கழிவின் 10,000 வெள்ளி உச்சவரம்புக்குள் காட்டலாம், 2025 வரி ஆண்டில் அது 6,000 வெள்ளி வரை இருந்தது. அதற்குத்தான் அந்தப் பதிவு எண் உள்ள ரசீது. படுத்த படுக்கையாக இருப்பவரைப் பராமரிப்பவர்க்கான மாத உதவிக்கு நீங்கள் விண்ணப்பிக்க வேண்டாம், அது வேறு நிலைக்கு. பினாங்கு மாநில அரசின் ஐ-செஜாத்ரா உதவித்தொகைத் திட்டத்துக்குத் தனி விண்ணப்பம், மத்திய அரசின் அட்டை இருப்பதால் அது தானாக வராது.

இலாகாக்களிடம் பேசும் முறைக்கு வருவோம். மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 28ஆவது பிரிவு, குறைபாட்டைக் காரணம் காட்டிப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்கக் கூடாது என்கிறது. அதே சட்டத்தை இயற்றும்போதே 41ஆவது பிரிவில் அரசாங்கத்தின் மீது வழக்குப் போட முடியாதபடி பாதுகாப்பும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே “கேஸ் போடுவேன்” என்ற மிரட்டலுக்கு யாரும் அசரமாட்டார்கள். காகிதத்துக்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். தேதி, யாரிடம் பேசினீர்கள், பதவி, என்ன சொன்னார், அடுத்து எப்போது என்று ஐந்து கட்டம். ஒவ்வொரு போன் பேச்சுக்கும் பிறகு அன்றே இரண்டு வரி ஈமெயில்: “இன்று நீங்கள் சொன்னபடி, பதினைந்தாம் தேதிக்குள் இடம் பற்றித் தெரிவிப்பீர்கள் என்று புரிந்துகொண்டேன். தவறானால் திருத்தவும்.” குரலில் கோபம் வேண்டாம், தேதி இருந்தால் போதும். கேட்ட தேதி தாண்டினால் அதே கடிதத்தைச் சேர்த்து மாநிலக் கல்வி இலாகாவுக்கு, அங்கும் அசையாவிட்டால் அமைச்சின் சிறப்புக் கல்விப் பிரிவுக்கும் சிஸ்பா புகார் முறைக்கும் அனுப்புங்கள். அதற்கு மேல் மனித உரிமை ஆணையமான சுஹாகாம் இருக்கிறது, அங்கே சிறார் ஆணையரும் உண்டு. முதல் நாளே உச்சிக்குத் தாவாதீர்கள். மேலிடம் முதலில் கேட்பதே “மாவட்டத்தில் என்ன பதில் சொன்னார்கள்?” என்பதுதான். பள்ளி ஆசிரியரோடு மட்டும் சண்டை வேண்டாம். இடம் தருவதோ மறுப்பதோ பெரும்பாலும் அவர் கையில் இல்லை, நாளைக்கு உங்கள் மகனோடு நாள் முழுக்க இருக்கப்போவது அவர்தான்.

எந்தக் கவுன்டரிலாவது “உங்க சொந்தப் பிள்ளையா?” என்றோ, “இல்லத்திலேயே விட்டுவிடலாமே” என்றோ கேட்டால் பதில் சொல்லக் கடமையில்லை. பிறப்புப் பத்திரத்தை நீட்டி, “இவன் என் மகன், அடுத்து என்ன பாரம்?” என்று கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கோர்ட் ஆணைப்படி தத்தெடுத்த பிள்ளை, உயில் இல்லாமல் பெற்றோர் இறந்தாலும் அவர்கள் பெற்ற பிள்ளையைப் போலவே வாரிசு. ஆனால் உங்கள் மகன் பெரியவனான பிறகும் பணத்தைத் தானே நிர்வகிக்க முடியுமா என்பது இப்போது யாருக்கும் தெரியாது. அதனால் இருவரும் உயில் எழுதி, உங்களுக்குப் பிறகு அவனைப் பார்த்துக்கொள்ளும் காப்பாளரின் பெயரை அவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கி அதில் போடுங்கள். மாமியாரையோ, உங்களைவிட மூத்த உறவினரையோ போட வேண்டாம். பணத்தை நேரடியாக அவன் பெயரில் விடாமல் அறக்கட்டளை மூலம் செலவாகும்படி அமைக்க முடியுமா என்று வழக்கறிஞரிடமும், அறக்கட்டளைகளை நிர்வகிக்கும் அரசு நிறுவனமான அமானா ராயாவிடமும் கேளுங்கள். இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணம் யாருக்குப் போக வேண்டும் என்ற நியமனத்தையும் அதற்குத் தகுந்தபடி திருத்துங்கள். கல்யாணத்துக்கு முன்பு போட்ட நியமனத்தில் அம்மா அப்பா பெயரே இன்னும் இருக்கிறதா என்று கணவரை இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள்.